சிகிரியா உளியும் ஈரவத்தை உருக்கும்

மாத்தளையிலிருந்து வடக்கு நோக்கி, நாலந்தையையும் தம்புள்ளையையும் கடந்து செல்லும் நெடுவழியில் வந்து, இனாமலுவைச் சந்தியிலே கிழக்கே திரும்பிச் சிகிரியாக் குன்றைக் காணப் போகின்றவர்கள், காசியப்ப மன்னன் அமைத்த அரண்மனையின் சிதைவுகளையும் பாறைச் சுவரிலுள்ள ஓவிய மங்கையரையும் கண்டு வியந்து திரும்புகிறார்கள். அக்குன்றுக்கு அணித்தாயுள்ள அலகொலவெவ என்னும் சிற்றூரின் காட்டுப் புறத்தில், கிரி ஓயாவின் பள்ளத்தாக்கிலே, அந்த மன்னன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இரும்புருக்கும் உலைகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன என்பதை அறிந்தவர்கள் அவர்களுள் வெகு சிலரே. தெகிகஹ-அல-கந்த எனப்படும் அவ்விடத்தை 1990-களின் தொடக்கத்தில் தொல்லியலாளர் அகழ்ந்து ஆராய்ந்தனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டு தொடங்கிக் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரையில் அங்கே இரும்புத் தொழில் பெரிய அளவில் நடந்திருக்கிறது என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவு.

அவ்வுலைகளில் இரும்பு நீராய் உருகி ஓடவில்லை. கரியும் தாதுவும் கூடி எரிந்த வெம்மையில் கிட்டம் மட்டுமே இளகி வழிய, இரும்போ பஞ்சைப் போலத் துளைகள் மலிந்த கட்டியாக உலையினுள்ளே தங்கியது. அக்கட்டியைச் செஞ்சூட்டோடு வெளியே இழுத்து, மீண்டும் மீண்டும் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து, உள்ளே சிக்கிய கிட்டத்தைப் பிதுக்கி அகற்றிய பின்னரே அது கருவி செய்யத் தக்க இரும்பாயிற்று. அவ்விதம் பெற்ற இரும்பு மிருதுவானது. அடித்தால் நீளும், வளைத்தால் வளையும், ஆனால் கருங்கல்லின்மேல் வைத்து அடித்தால் அதன் முனை மழுங்கிவிடும். அப்படியானால் சிகிரியாப் பாறையின் செங்குத்தான பக்கங்களிலே படிகளைத் தாங்குவதற்காக நூற்றுக்கணக்கான பள்ளங்களை வெட்டிய உளிகள் எத்தகையவை?

இந்தக் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி 1912ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து உலோக சாஸ்திரியும், மங்கனீசு உருக்கைக் கண்டு புகழ்பெற்றவருமாகிய சேர் ரொபேர்ட் ஹாட்பீல்ட், இலங்கையிலிருந்து பெற்ற புராதன இரும்புப் பொருள்கள் சிலவற்றை அறுத்து, மெருகிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்து தம் முடிவுகளை வெளியிட்டார். அப்பொருள்களுள் ஒன்று, கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்குரியதாகக் கருதப்பட்டதும் சுமார் 10 அங்குல நீளமுள்ளதுமான ஒரு சிகிரியா உளி. அவ்வுளியின் இரும்பு பெரும்பாலும் காபன் அற்ற மென்னிரும்பாகவே இருந்தபோதிலும், அதற்குக் காபன் ஊட்டப்பட்டிருந்ததற்கும், பின்னர் அது காய்ச்சித் தோய்க்கப்பட்டிருந்ததற்கும் அதன் உள்ளமைப்பிலே அடையாளங்கள் இருந்தன. அதாவது, பாறையோடு மோதும் இடம் கடினமாயும், சம்மட்டியின் அதிர்ச்சியைத் தாங்கும் உடல் மிருதுவாயும் இருக்கும்படி ஒரே கருவிக்குள் இரு சுபாவங்களை அந்தக் கொல்லன் சேர்த்து வைத்திருந்தான்.

அந்தக் கொல்லன் விரற்கடை அளவிலே செய்த காரியத்தை, அதிலும் ஆயிரம் மடங்கு, பதினாயிரம் மடங்கு சிறிய அளவிலே செய்துவைத்த பொருள்தான் இன்று மோட்டார் வாகனங்களின் உடலில் நிறைந்திருக்கும் ஈரவத்தை உருக்கு. அவ்வுருக்கு இழுபடும்போது அதன் உள்ளே நிகழ்வது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ‘உருக்கு’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே கையாளுகிறேன். தமிழகத்துப் பாடநூல்கள் ‘எஃகு’ என்று எழுதும் பொருளை நம் நாட்டுத் தமிழர் நெடுங்காலமாக உருக்கு என்றே சொல்லி வருகிறார்கள். கன்னடத்தில் உள்ள ‘உக்கு’ என்பதற்கு இது உறவான சொல். ஐரோப்பியர் வாயில் ‘வூட்ஸ்’ என்று திரிந்து உலகெங்கும் பரவியதும் இந்தச் சொற்குடும்பமே என்பர். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு 1903 முதல் 1906 வரை தலைவராயிருந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, பிற்காலத்திலே கலை விமர்சகராக உலகப் புகழ் பெறுவதற்கு முன், பலாங்கொடைப் பக்கத்தில் அற்றுப்போகும் தறுவாயில் இருந்த இரும்புத் தொழிலையும் மூசையில் உருக்குக் காய்ச்சும் முறையையும் நேரிலே கண்டு எழுதிவைத்தார். அது நம் நாட்டு உலோகவியலுக்கு அவர் செய்த பேருபகாரம் என்பது என் அபிப்பிராயம். கலைநூல்களுக்காக அவரைக் கொண்டாடுகின்ற நாம் இதை ஏனோ மறந்துவிட்டோம்.

நுணுக்குக்காட்டிக்குப் போகுமுன் ஒரு கொல்லர் பட்டறைக்குப் போவோம். மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி எவ்விதம் செய்யப்படுகிறது என்பதைக் கண்டவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். பழைய லொறியின் வில்லுப் பட்டையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு உலையிலே சிவக்கிறது. கொல்லர் அதன் நிறத்தையே கண்ணிமையாமற் பார்த்துக்கொண்டிருக்கிறார். உரிய நிறம் வந்ததும் இடுக்கியால் எடுத்து வாயை மட்டும் தோய்க்கிறார். “காய்ச்சல் போதாமல் தோய்ச்சால் வாய் நிற்காது, தம்பி” என்று ஒரு முதிய கொல்லர் என்னிடம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. வாய் நிற்காது என்றால், கத்தி இரண்டு நாளிலே மழுங்கிவிடும் என்று பொருள். அவர் குற்றமென்று கருதிய அந்தக் குறைக் காய்ச்சலையே நவீன உருக்காலைகள் வேறொரு காரியத்துக்காக விரும்பிச் செய்கின்றன. அதன் காரணத்தை அறிய வேண்டுமானால் இரும்பின் உட்புறத்தை நாம் பார்க்க வேண்டும்.

இரும்பு பார்வைக்கு ஒரே பிண்டமாகத் தோன்றினாலும், உண்மையில் அது கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடிப் பளிங்குகளின் தொகுதி. ஒவ்வொரு பளிங்கினுள்ளும் இரும்பின் அணுக்கள், வயலிலே கயிறு பிடித்து நட்ட நாற்றைப்போல, வரிசை பிறழாது நிற்கின்றன. சாதாரண வெப்பநிலையில் அவை கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவில் ஒன்றுமாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த அவத்தைக்குப் பெரைற்று என்று பெயர். இரும்பைக் காய்ச்சிக்கொண்டே போனால், ஒரு வெப்பநிலைக்கு மேல் அணுக்கள் தம் அடுக்கை மாற்றிக்கொண்டு, மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலுமாக நிற்கும் வேறோர் அவத்தையை எய்துகின்றன, அது ஒசுட்டெனைற்று. அவத்தை என்பது நிலை; ஒரே மனிதனுக்கு விழிப்பும் உறக்கமும் உள்ளதுபோல ஒரே இரும்புக்கு இவை இரண்டும் உண்டு.

இவ்விரண்டுக்கும் காபனிடத்திலுள்ள பற்று பெரிதும் வேறுபட்டது. ஒசுட்டெனைற்று தன் நிறையில் நூற்றுக்கு 2 பங்கு வரையில் காபனை ஏற்றுக்கொள்ளும். பெரைற்றோ நூற்றுக்கு 0.02 பங்கு ஏற்பதே அருமை. ஆகவே காபனுள்ள ஒசுட்டெனைற்று மெல்ல ஆறும்போது, பெரைற்று தன்னால் ஏற்க இயலாத காபனை வெளியே தள்ளிவிட்டு உருவாகிறது. ஆனால் செஞ்சூட்டில் இருப்பதைத் திடீரென்று நீரில் அமிழ்த்தினால், காபன் அணுக்களுக்கு வெளியேறிச் செல்ல அவகாசம் கிடைப்பதில்லை. அடுக்கு மாறத்தான் வேண்டும், ஆனால் காபனோ உள்ளே அகப்பட்டுக்கொண்டது. இந்த நெருக்கடியில் அணுவடுக்கு ஒரு பக்கமாக நீண்டு, முறுகிய ஒரு புதிய நிலையை அடைகிறது. ஜெர்மானிய அறிஞர் அடோல்ப் மார்ட்டென்ஸ் என்பாரின் நினைவாக அதற்கு மாட்டென்சைற்று என்று பெயரிட்டனர். கத்தியின் வாயிலும் சிகிரியா உளியிலும் கடினத்தைத் தந்தது இதுவே.

இனிக் குறைக் காய்ச்சலுக்கு வருவோம். காபன் குறைந்த உருக்கிலே, ஏறத்தாழ 727 பாகை செல்சியசுக்கும் 850 பாகைக்கும் இடையிலே ஒரு சந்தி வேளை உண்டு. அந்த இடைவெளியில் உருக்கின் ஒரு பகுதி ஒசுட்டெனைற்றாக மாறிவிடும். எஞ்சியது பெரைற்றாகவே நிற்கும். பெரைற்று காபனை வேண்டாதது ஆகையால், உருக்கிலுள்ள சொற்பக் காபன் முழுவதும் அந்த ஒசுட்டெனைற்றுத் தீவுகளிலே போய்த் திரளும். அவ்வேளையில் விரைவாக ஆற்றினால் தீவுகள் எல்லாம் மாட்டென்சைற்றாக உறைந்துவிடும்; சுற்றியிருக்கும் கடலோ மிருதுவான பெரைற்றாகவே இருக்கும். காய்ச்சல் போதாது என்று கொல்லர் சொன்னது இந்த நிலையைத்தான். கத்தியின் வாயில் மென்மையான இடங்கள் கலந்திருப்பது குற்றம். அச்சில் வைத்து அழுத்தி உருவம் கொடுக்க வேண்டிய தகட்டிலோ அதுவே குணம்.

இவ்விரண்டு அவத்தைகளும் கூடிய ஈரவத்தை உருக்கில் காபன் பொதுவாக நூற்றுக்கு 0.1 பங்கின் அளவிலும், மங்கனீசு 1.5 முதல் 2 பங்கு வரையிலும் இருக்கும். தீவுகள் பெரும்பாலும் மொத்தக் கனவளவில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரையாகும். ஒவ்வொரு தீவும் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்த சில பங்குகளே அகலமுடையது. நம் தலைமயிர் ஒன்றின் குறுக்கே பத்துக்கு மேற்பட்ட தீவுகளை வரிசையாக வைத்துவிடலாம். பிசைந்த உளுந்துமாவிலே மாத்தளை மிளகை முழுதாகச் சேர்த்திருப்பதாக எண்ணிக்கொண்டால் இதன் தோற்றம் ஒருவாறு மனத்திலே பதியும்.

இப்பொழுது இத்தகட்டை இழுப்போம். அதற்கு முன், உலோகம் எவ்வாறு உருமாறுகிறது என்னும் பொது விதியை அறிய வேண்டும். ஒரு பளிங்கை நீட்டுவது என்பது, அணுத் தளம் ஒன்றை மற்றொரு தளத்தின்மீது வழுக்கச் செய்வதே. முழுத் தளமும் ஒரே காலத்தில் வழுக்க வேண்டுமானால் அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்த அறிஞர்கள், உண்மையில் தேவைப்படும் விசை அதைவிடப் பன்னூறு மடங்கு குறைவாயிருப்பதைக் கண்டு திகைத்தார்கள். அப்புதிரை 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி என்னும் மூவர், ஒருவரை ஒருவர் சாராமலே, விடுவித்தனர். பளிங்கினுள்ளே அணுவரிசை பிறழ்ந்த கோடுகள் உண்டு. இடப்பிறழ்வு எனப்படும் அக்கோடு நகரும்போது, ஒரு நேரத்தில் ஒரு வரிசை அணுக்களே இடம் மாறுகின்றன. கோடு பளிங்கைக் கடந்து முடிந்ததும் தளம் முழுவதும் ஓரடி பெயர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் றத்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் நடந்தவர்கள் அட்டையின் நடையைக் கண்டிருப்பார்கள். அது தன் உடல் முழுவதையும் ஒருங்கே இழுத்துக்கொண்டு போவதில்லை. முதுகை வில்லாக வளைத்து, அவ்வளைவை முன்னே செலுத்தியே தன் உடலை நகர்த்துகிறது. இடப்பிறழ்வும் அத்தகையது.

சாதாரண மென்னுருக்கிலே, காபன் அணுக்கள் இந்த இடப்பிறழ்வுகளைச் சுற்றி மொய்த்து அவற்றை நிலைநிறுத்திவிடுகின்றன. இதை 1949இல் கொற்றெல், பில்பி என்ற இரு ஆங்கில அறிஞர் விளக்கினர். ஆகவே மென்னுருக்கு முதலில் அசைய மறுத்து நிற்கும். விசை மிகுந்ததும் கட்டு அறுந்தாற்போலத் திடீரென்று ஓரிடத்தில் இளகும். அந்த இளக்கம் பட்டையாகத் தகட்டின்மீது படர்ந்து செல்லும். அழுத்தி உருவாக்கிய தகட்டில் அலை அலையான தழும்புகள் தோன்றுவது இதனாலேயே. ஈரவத்தை உருக்கில் அத்தழும்புகள் தோன்றுவதில்லை. காரணம் மிக நுட்பமானது. ஒசுட்டெனைற்று மாட்டென்சைற்றாக மாறும்போது அதன் கனவளவு நூற்றுக்கு 2 முதல் 4 வரை பெருகுகிறது. மாவினுள்ளே பதிந்த மிளகு அங்கேயே ஊறிப் பருத்தால் சுற்றியுள்ள மா எவ்வாறு நெருக்குண்ணுமோ, அவ்வாறே தீவு பருக்கும்போது சுற்றியுள்ள பெரைற்று நெருக்குண்டு, தீவின் கரையெங்கும் புதிய இடப்பிறழ்வுகள் பிறக்கின்றன. இவை காபனால் கட்டப்படாத புதியவை. ஆகையால் தகட்டை இழுக்கத் தொடங்கியதுமே இவை ஆங்காங்கே தடையின்றி நகர ஆரம்பிக்கின்றன. உருக்கு தகடெங்கும் ஒரு சீராக, அதன் வலிமைக்கு எதிர்பாராத சிறு விசையிலேயே, இணங்கிவிடுகிறது.

இழுப்பின் ஆரம்ப கட்டத்தில் இரண்டு அவத்தைகளும் சமமாகவே நீள்கின்றன என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மீள்தன்மை எல்லைக்குள் பெரைற்றும் மாட்டென்சைற்றும் ஏறக்குறைய ஒரே விறைப்புடையவை. விசையை நீக்கினால் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். அவற்றின் சுபாவ பேதம் வெளிப்படுவது பெரைற்று இளகத் தொடங்கிய பின்னரே. அதிலும் எல்லாப் பெரைற்றும் ஒருங்கே இளகுவதில்லை: எந்தப் பளிங்கின் வழுக்குத் தளம் இழுவிசைக்குச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகையில் அமைந்திருக்கிறதோ, அதுவே முதலில் வழுக்குகிறது, இரண்டு தீவுகளுக்கு இடையே ஒடுங்கிய இடுக்கிலே அகப்பட்ட பெரைற்றுக்கு மற்றவற்றைவிட அதிக வேலை வந்து சேருகிறது.

அந்த இடுக்குகளிலே நடப்பதுதான் இவ்வுருக்கின் உயிர். ஒரு தீவின் கரையை நோக்கி நகர்ந்துவரும் இடப்பிறழ்வு, கடினமான மாட்டென்சைற்றினுள்ளே புக இயலாமல் கரையிலே தடைப்பட்டு நிற்கிறது. அதன் பின்னால் மற்றொன்று வருகிறது. அதன் பின் இன்னொன்று. கோயிற் கதவு திறக்குமுன் வாசலிலே நெருக்கும் கூட்டத்தைப்போல அவை அடுக்கடுக்காகச் சேரச் சேர, முன்னே நிற்பவை பின்னே வருபவற்றை எதிர்த்துத் தள்ளுகின்றன. இதனால் பெரைற்று கணத்துக்குக் கணம் கடினமாகிறது. அதே வேளையில் கரையிலே திரண்ட நெருக்கத்தின் பாரம் தீவின்மீது ஏறுகிறது. இவ்வாறு மென்மையானது முதலில் இணங்கி, அந்த இணக்கத்தின் வாயிலாகவே கடினமானதற்குப் பாரத்தைக் கைமாற்றிக் கொடுக்கிறது. பாரம் மேலும் ஏறினால், மாட்டென்சைற்றும் ஓரளவு வளைந்து கொடுக்கத் தொடங்கும். அதுவும் உள்ளே மெல்லிய சலாகைகளை அடுக்கினாற் போன்ற அமைப்புடையதாகையால், அச்சலாகைகளின் நீளவாட்டில் வழுக்கல் நிகழ இடமுண்டு; காபன் குறைவான தீவாயின் அது இன்னும் எளிது. ஆகவே மாட்டென்சைற்று என்றால் கண்ணாடிபோல் உடையும் பொருள் என்று எண்ணிவிடலாகாது.

எதிர்த்துத் தள்ளும் அந்நெருக்கத்துக்கு வேறோர் அடையாளமும் உண்டு. இழுத்த தகட்டை விட்டுவிட்டு எதிர்த் திசையில் அழுத்தினால், அது முன்னிலும் குறைந்த விசையில் இளகுகிறது. தேங்கி நின்ற இடப்பிறழ்வுகள் திரும்பிப் போவதற்குத் தயாராக இருந்ததே காரணம். அச்சில் அழுத்திய தகடு அச்சிலிருந்து எடுத்ததும் சிறிது நிமிர்ந்துவிடுகின்ற தொல்லையைக் கணக்கிட முயலும் பொறியியலாளர்கள் இதை நன்கு அறிவார்கள்.

கடினமாகும் வேகம் ஏன் அவ்வளவு முக்கியமானது? தகட்டை இழுக்கும்போது எங்கேனும் ஓரிடம் மற்ற இடங்களைவிடச் சற்று மெலிந்துவிடுவது தவிர்க்க முடியாதது. மெலிந்த இடம் உடனே கடினமாகிவிட்டால், அது மேலும் நீள மறுத்து, நீளும் வேலையைத் தன் அயலிடத்துக்குத் தள்ளிவிடும். அயலிடமும் கடினமாகித் தனக்கு அயலதற்குத் தள்ளும். இவ்விதம் நீட்சி தகடெங்கும் பகிரப்படுகிறது. கடினமாகும் வேகம் குறைந்துபோன பொருளிலோ, மெலிந்த இடமே மேலும் மெலிந்து கழுத்தாகி அறுந்துபோகும். ஈரவத்தை உருக்கு தன் வலிமைக்கு மிஞ்சி நீளக்கூடியதாக இருப்பதன் இரகசியம் இதுவே. மென்னுருக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 40 கிலோ பாரத்தைத் தாங்கும். இதன் நடுத்தர வகை 60 கிலோவையும், உயர்ந்த வகை 100 கிலோவையும் தாங்கும். அப்படியிருந்தும் நடுத்தர வகைத் தகடு அச்சில் பிளவாமல் உருவங்கொள்கிறது.

இவையெல்லாம் வெறும் அனுமானங்கள் அல்ல. சிறு துண்டு ஒன்றை மெருகிட்டு, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உள்ளேயே அதை இழுக்கும் சிறிய கருவியில் பூட்டி, மேற்பரப்பிலே நுண்ணிய புள்ளிகளை இட்டு, இழுப்பின் ஒவ்வொரு படியிலும் படமெடுத்து, எந்தப் புள்ளி எவ்வளவு விலகியது என்று கணினியால் அளந்து பார்க்கிறார்கள். அப்படங்களில் நீட்சி பரவிய விதத்தைக் கண்டால், ஒரே துண்டு இவ்வளவு வேறுபாடுகளைத் தன்னுள் அடக்கியிருக்கிறதா என்று மனம் பிரமிக்கும். முழுத் துண்டும் சராசரியாக நூற்றுக்குப் பத்து நீண்டிருக்கும்போது, சில பெரைற்று இடுக்குகள் அதைப் போல இருமடங்குக்கு மேல் நீண்டிருக்கும். பக்கத்திலேயுள்ள தீவோ சிறிதளவே அசைந்திருக்கும். மிகுதியாக நீண்ட இடங்கள் ஒன்றோடொன்று இணைந்து, இழுவிசைக்குச் சாய்வான பட்டைகளாக, தீவுகளின் இடையே வளைந்து வளைந்து செல்வதைக் காணலாம். பாறைகளின் நடுவே வழி தேடி இறங்கும் மலையாறு மேலிருந்து பார்க்கும்போது அவ்விதமே தோன்றும்.

முடிவும் அந்தப் பட்டைகளிலேதான் தொடங்குகிறது. நெருக்கம் அளவு மீறினால், ஒன்றில் தீவு குறுக்காக வெடிக்கும். அல்லது தீவும் பெரைற்றும் கூடும் கரை பிரியும். இரண்டு வழியிலும் நுண்ணிய வெற்றிடம் ஒன்று பிறக்கிறது. பெரைற்று மேலும் நீள நீள அது வளர்கிறது. அண்டையிலுள்ள வெற்றிடங்களோடு சேர்கிறது. கடைசியிலே கண்ணுக்குத் தெரியும் பிளவாகிறது. ஆகவே தீவுகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் போலவே, அவை எவ்விதம் அமைந்திருக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. சிறியனவாய்ப் பரவலாய்ச் சிதறியிருந்தால் பாரம் பலவற்றின்மீது பகிரப்படும். தகட்டின் நடுவே மங்கனீசு திரண்ட காரணத்தால் நீண்ட பட்டைகளாய் அமைந்துவிட்டாலோ, பளிங்கெல்லைகள் எங்கும் வலையைப்போல் இணைந்துவிட்டாலோ, பிளவு ஓடுவதற்கு வழி சமைத்துக் கொடுத்ததாகும். தீவுக்கும் கடலுக்கும் உள்ள கடினபேதம் மிக அதிகமாகிவிடுவதும் நன்றன்று. துளையிட்ட தகட்டின் ஓரத்தை விரிக்கும்போது இவ்வகை உருக்கு எளிதில் வெடித்துவிடுவது அதனாலேயே. இது இவ்வுருக்கின் மெய்யான குறை. இன்றைய ஆராய்ச்சியிற் பெரும்பகுதி அதைக் களைவதையே நாடுகிறது.

இவ்வுருக்கு செல்வாக்குப் பெற்ற காலத்தையும் சொல்ல வேண்டும். 1973இல் எண்ணெய் விலை ஏறியதும், வாகனங்களின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடி உண்டாயிற்று. மெல்லிய தகட்டால் அதே வலிமையைப் பெற வேண்டுமாயின் அது வலிய உருக்காகவும், அச்சில் இணங்குவதாகவும் இருக்க வேண்டும். யப்பானில் ஹயாமியும் புருகாவாவும் 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சியும், அமெரிக்காவில் ரஷீத் என்பவர் அடுத்த ஆண்டுகளிலே செய்த வேலையும் அந்தத் தேவைக்கு விடையாக அமைந்தன. ஹாட்பீல்ட் சிகிரியா உளியை ஆராய்ந்த அதே 1912ஆம் ஆண்டில் முதல் உருக்குக் கட்டியை வார்த்த ஜம்ஷெட்பூரின் டாட்டா ஆலை, இன்று இவ்வகைத் தகடுகளையும் செய்கிறது. வாகனத்தின் வர்ணத்தை உலர்த்துவதற்காக உலையிலே ஏறத்தாழ 170 பாகையில் 20 நிமிஷம் வைக்கும்போது, உருவாக்கத்தில் பிறந்த இடப்பிறழ்வுகளைக் காபன் அணுக்கள் மெல்லச் சென்று கட்டிவிடுவதால், தகடு மேலும் வலுப்பெறுகிறது என்பது இதன் இன்னொரு விசேஷம். விபத்திலே வாகனம் நசுங்கும்போது, அதனுள் இருப்பவர்களைத் தாக்கக்கூடிய சக்தியை இந்த உருக்கு தன் இடுக்குகளிலே கோடி கோடி இடப்பிறழ்வுகளாகச் செலவிட்டுத் தீர்க்கிறது.

நம் வீடுகளின் கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியிலும் இதே இரட்டைச் சுபாவத்தைக் காணலாம். சிவந்த கம்பியின்மீது நீரைப் பாய்ச்சி வெளிப்புறத்தை மட்டும் விரைவாக ஆற்றிய கம்பிகளில், தோலிலே மாட்டென்சைற்று வளையமும் அதனுள்ளே மிருதுவான பெரைற்றுள்ள நடுத்தண்டும் இருக்கும். உளியில் விரற்கடை அளவு, கம்பியில் மில்லிமீற்றர் அளவு, ஈரவத்தைத் தகட்டில் அதன் ஆயிரத்திலொரு பங்கு. அளவு சுருங்கச் சுருங்க, கடினமானதும் மிருதுவானதும் தொட்டுக்கொள்ளும் கரையின் மொத்தப் பரப்பு பன்மடங்கு பெருகுகிறது. வேலை நடப்பது கரையிலே ஆகையால், பலனும் பெருகுகிறது. சிகிரியாக் கொல்லனுக்கு நுணுக்குக்காட்டி இல்லை, வெப்பமானி இல்லை, காபன் என்ற பெயரும் தெரியாது. நெருப்பின் நிறமும் நீரின் சீறலும் கைப்பழக்கமுமே அவனுக்குச் சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்தைக் கொண்டு அவன் எட்டிய தூரம் மிகப் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாத்தளை மாவட்டத்து விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவரைச் சிகிரியாவுக்கு அழைத்துச் செல்லும்போது, ஓவியங்களுக்கு ஏறும் அவசரத்திலே சிங்கப் பாதங்களுக்கு மேலேயுள்ள பாறையைக் கவனியாமல் விட்டுவிடாதீர்கள். படிகளைத் தாங்குவதற்காக வெட்டிய பள்ளங்கள் இன்றும் வரிசை வரிசையாக அங்கே தெரிகின்றன. நேரமிருந்தால் அலகொலவெவவுக்கும் அழைத்துச் சென்று, உரிய அனுமதியோடு உலைகள் இருந்த இடத்தைக் காட்டுங்கள். தரையிலே கிடக்கும் கிட்டத்தை ஒருவரும் எடுத்துவர வேண்டாம். அது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் காக்கும் பொருள். அடுத்து வரும் ஆராய்ச்சியாளருக்கு அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.